முடிவுக் குறிக்கு அந்தப் பக்கம்

தவறிடுச்சாம். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு வாய்கூட வைக்காமல் மறுபடி மூடி வைக்க ஜெபக்கனிக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. “டேப்பு எடம் தவறிடுச்சு மேடம், மெஷினு சமாச்சாரம், நாம என்ன செய்ய முடியும்” என்று கீழ்த்தளத்துக் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து தனசிங் போனில் சொன்னான். சொல்லிவிட்டுப் பல்லிடுக்கில் சிக்கியிருந்த எதையோ நாக்கால் நெம்பிக்கொண்டே “வேற ஏதும் உண்டா?” என்று கேட்டான். வேற ஏதும் உண்டா. மளிகைக்கடையில் அரைக்கிலோ பருப்பைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பது மாதிரி. அவள் போனை வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நெஞ்சில் வந்து முட்டியது, அவளுக்கு எப்போதுமே அப்படித்தான், கோபம் முதலில் வந்துவிடும், வார்த்தை அடுத்த பஸ்ஸில்தான் வரும். தவறிடுச்சு. பால் பொங்கிடுச்சு, தட்டு விழுந்திடுச்சு, ஸ்கேன் படம் மாறிடுச்சு, டேப் தவறிடுச்சு. இந்த ஆஸ்பத்திரியில் எதையும் யாரும் செய்வதில்லை, எல்லாம் தானாகவே ஆகிவிடுகிறது. ஆள் செத்தாலும் தவறிட்டார். அதுவும் அவராகவே, நடந்து போனவர் படியில் கால் தவறினது மாதிரி.

அவள் உட்கார்ந்திருந்த அறை கதிர்வீச்சுப் பிரிவின் கடைசியில் இருந்தது. கதவில் மருத்துவ இயற்பியலாளர் என்று எழுதியிருக்கும், எந்த நோயாளிக்கு எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் பாய்ச்ச வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற வேலை, ஆனால் வார்டில் எல்லோருக்கும் அவள் பிசிக்ஸ் மேடம்தான். மேஜைமேல் செங்கல் பருமனில் டேப் டிரைவ், அதன் வாய்க்குள் காலையிலிருந்து ஒரே டேப், பழைய நோயாளிகளின் கணக்குகளைப் பதிந்து வைத்தது. அது சுற்றும், நிற்கும், பின்னால் போகும், மறுபடி சுற்றும், பிறகு திரையில் ஒரே வரி: முடிவு வந்துவிட்டது. எங்கே வந்தது முடிவு? முக்கால்வாசி நாடா இன்னும் அந்தப் பக்கம் கிடக்கிறது. டேப்பில் பக்க எண் கிடையாது. ஒவ்வொரு நோயாளியின் கணக்கு முடிகிற இடத்திலும் ஒரு குறி இருக்கும், டிரைவ் அந்தக் குறிகளை எண்ணிக்கொண்டே போவதால்தான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அதற்குத் தெரியும். என்றைக்கோ ஒரு சாயங்காலம் கரண்ட் இமை மூடித் திறப்பதற்குள் போய்வந்திருக்கிறது. டிரைவ் எண்ணினதையெல்லாம் மறந்துவிட்டு, நாடாவை முதலுக்கே சுற்றிக்கொண்டு, சாதுவாக உட்கார்ந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கு மட்டும் சந்தேகம் வந்து கேட்டிருக்கிறது: இருக்கும் இடம் உறுதியில்லை, தொடரலாமா? கேட்டிருக்கிறது, ஐயா, கேட்டிருக்கிறது! வாயில்லாத ஜடம், அதற்கே தோன்றியிருக்கிறது. “அது தெனமும்தான் கேக்கும் மேடம், நாங்க ஆமான்னு குடுத்துருவோம்” என்கிறான் தனசிங். ஆமான்னு குடுத்தான். அன்றைய பேக்கப், டேப்பின் முதலில் போய், பழைய ஆட்களின் தலைமேல் எழுதிக்கொண்டே போனது, எழுதி முடித்ததும் இத்துடன் முடிந்தது என்று ஒரு முடிவுக் குறியையும் போட்டுவிட்டது. அந்தக் குறியைத் தாண்டி டிரைவ் ஒரு விரற்கடை நகராது. அதற்கு அந்தப் பக்கம் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் கழுத்தும் மார்பும் எலும்பும் இருக்கிறது, கணக்குகள் அப்படியே அழியாமல் இருக்கின்றன, ஆனால் முடிந்தது என்று எழுதியிருக்கிறதே, அப்புறம் எதற்குப் போக வேண்டும் என்கிறது அது. இன்னொரு பிரதி இருந்த டேப்பையும் டேப் பற்றாக்குறை என்று சொல்லி வேறு பேக்கப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்குகளை முதலில் போட்ட பழைய மெஷினையும் எப்போதோ காயலான் கடைக்குப் போட்டாயிற்று.

அந்தப் பக்கம் இருக்கிறவர்களில் ஒருவர் சுடலைமணி. ஆலங்குளத்தில் டெம்போ ஓட்டுகிறவர். ஏழு வருஷம் முன்னால் தொண்டைக்குப் பின்னால் கட்டி, இதே ஆஸ்பத்திரியில் கதிர் வைத்துக் குணமாகிப் போனார். இப்போது அதே கழுத்தில், கொஞ்சம் கீழே, தண்டுவடத்தை ஒட்டி மறுபடி வந்திருக்கிறது, இடது கை மரத்துப்போய்க் கியரைப் பிடிக்க முடியவில்லை என்று வந்தார். தண்டுவடம் ஒரு ஆயுசுக்கு இவ்வளவுதான் கதிர் தாங்கும். வருஷங்கள் போனால் வாங்கினதைக் கொஞ்சம் மறக்கும், முழுக்க மறக்காது. மீறிப் போனால் கையும் காலும் விழுந்துவிடும், படுத்த படுக்கைதான். அப்போது எவ்வளவு வாங்கியது என்று தெரிந்தால்தான் இப்போது எவ்வளவு கொடுக்கலாம் என்று சொல்ல முடியும். அவர் பிளாஸ்டிக் பையில் பத்திரமாக வைத்திருக்கும் தாளில் கட்டிக்குக் கொடுத்த மொத்த அளவு இருக்கிறது, பக்கத்திலிருந்த தண்டுவடத்துக்கு எவ்வளவு போனது என்று இல்லை. அது டேப்பில்தான். அவள் அப்போது இந்த ஊருக்கே வரவில்லை. வேறு யாரோ போட்ட கணக்கு.

மறுபடி முதலிலிருந்து. அவள் பட்டனை அழுத்த, நாடா ஊளையிட்டுக்கொண்டு பின்னால் சுற்றியது. அப்பா இப்படித்தான். கணக்கு வாத்தியார், வீட்டிலும் வாத்தியார், பதினாறாம் வாய்ப்பாட்டில் ஒன்பதாவது வரியில் அவளுக்கு எப்போதும் இடம் விட்டுப்போகும், விட்ட இடத்திலிருந்து எடுக்கிறேன் என்றால் விடமாட்டார், “மொதல்லேருந்து” என்பார். மொதல்லேருந்து, மொதல்லேருந்து, அடுப்படியில் அம்மா தோசை சுடுகிற சத்தம் கேட்கும், வரிகள் வாயில் தானாக ஓடும், ஒன்பது வந்ததும் தொண்டையில் முள். ஒருநாள் வாய்ப்பாட்டுத் தாளைக் கிழித்து அவர் முன்னாலேயே போட்டாள், அடி விழவில்லை, அப்பா சிரித்தார், பொம்பளப் பிள்ளைக்கு இம்புட்டுக் கோவம் ஆகாது என்றார், அந்தச் சிரிப்புக்கு அடியே தேவலை. இப்போது வீட்டில் புருஷன் ராஜ்குமாரும் அதே வார்த்தை, கோவம் ஆகாது ஜெபா, பிரஷர் வரும். பிரஷர் வரட்டும். ஆமான்னு குடுக்கிறவர்களுக்கெல்லாம் பிரஷரே வராது, நூறு வயசு இருப்பார்கள். போன வாரம் நிர்வாகக் கூட்டத்தில் புது டிரைவ் வேண்டும் என்று அவள் எழுந்து நின்று பேசியபோது ஒருவர், கேசட்டு மாதிரிதானே மேடம், பென்சிலை விட்டுச் சுத்தினா சரியாயிரும் என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அதுதான். அவளும் சிரித்தாள். இன்றைக்கு வரை அந்தச் சிரிப்பு அவள் கன்னத்தில் காய்ந்த பசை மாதிரி ஒட்டிக்கொண்டு வலிக்கிறது. முடிவு வந்துவிட்டது என்றது திரை. வந்துவிட்டதா, சந்தோஷம், நீயும் சொல்.

கதவை யாரோ விரல் நுனியால் தட்டினார்கள். சுடலைமணியின் மனைவி பேச்சித்தாய், செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசலிலேயே நின்றாள். “எம்மா, ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்கிடாதீய. அவுக ஒரு டீத்தண்ணி குடிக்கலாமா?” குடிக்கலாமே, யாரு வேண்டாம்னு சொன்னா என்று ஜெபக்கனி கேட்டாள். “யாரும் சொல்லல. மெஷினுல பாக்குதாவ, வெறும் வயித்தோடதான் இருக்கணும்போலன்னு நாங்களா இருந்துட்டோம். காலைலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படல.” ஜெபக்கனிக்குக் காது மடல் சுட்டது. இந்த வராந்தாவில் எத்தனை வெள்ளைக் கோட்டு போய்வந்திருக்கும், எத்தனை நர்ஸ், அவளே தண்ணீர் பிடிக்க ரெண்டு தடவை அவர்களைத் தாண்டிப் போனாள், சாப்பிட்டீங்களா என்று ஒரு வாய் கேட்கவில்லை. “தேடுறது டேப்புலக்கா, அவர் வயித்துல இல்ல. போங்க, ரெண்டு பேரும் போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க” என்றாள், குரல் தேவைக்குமேல் உயர்ந்துவிட்டது. பேச்சித்தாய் திடுக்கிட்டுப் பின்வாங்க, அவள் தோளுக்குப் பின்னாலிருந்து சுடலைமணி எட்டிப் பார்த்துச் சிரித்தார். “ஏ, அவுகள தொந்தரவு பண்ணாத. நீங்க நிதானமாப் பாருங்கம்மா. தேடுறதுன்னா சும்மாவா, எனக்கு வீட்டுல டார்ச்சு லைட்டத் தேடவே அரை நாளாவும்.” ஏன் இப்படி இருக்கிறார் இந்த மனிதர்? ஏன் கத்தவில்லை? என் கழுத்தை எங்கேடா தொலைத்தீர்கள் என்று மேஜையைத் தட்டினால் என்ன? அவர் ஒரு தடவை கத்தினால் அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும். நல்லவர்கள்மேல் வருகிற கோபத்துக்கு மருந்தே கிடையாது.

சுடலைமணிக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் உலகநாதனும் போகிற போக்கில் தலையை நீட்டினார். “கெடைக்கலேன்னா விட்டுருங்க மேடம். அப்ப எல்லாருக்கும் ஒரே முறைதான், வழக்கமா தண்டுவடத்துக்கு எவ்வளவு போகுமோ அதுதான் போயிருக்கும். அத வச்சே போயிரலாம். நாலு மணிக்கு வாரேன், நாளைக்கே ஆரம்பிக்கணும், கை போயிட்டே இருக்கு.” வழக்கமா என்றால் என்ன சார்? வழக்கமான கழுத்து என்று ஒன்று இருக்கிறதா? அதையும் அவர் போன பிறகுதான் கேட்டாள், கதவிடம். பெங்களூரில் ஒரு கம்பெனி இருக்கிறது, டேப்பைப் பிரித்து எடுத்துக் கொடுப்பார்கள், ஒரு மாசம் ஆகும், நீங்களா எதுவும் செஞ்சு பாத்திருந்தா எங்களால முடியாது என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். ஒரு மாசத்தில் அந்தக் கை முழுக்கப் போய்விடும். இன்னொரு வழி இருந்தது. எங்கேயோ ஏதோ நாட்டில் இவளை மாதிரியே மாட்டிக்கொண்ட ஒருவன் இணையத்தில் எழுதி வைத்திருந்தான்: முடிவுக் குறியின்மேல் கொஞ்சம் எழுதத் தொடங்கு, எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்டைப் பிடுங்கு. பழைய குறி அழிந்திருக்கும், புதுக் குறி போட டிரைவுக்கு நேரம் கிடைத்திருக்காது. குறியில்லாத நாடாவில் அது மேலே போகும். காலையில் வீணான டேப்பில் இரண்டு தடவை செய்து பார்த்தாள். ஒரு தடவை போனது. இன்னொரு தடவை நாடா டிரைவின் வயிற்றுக்குள் சுருண்டு சிக்கி, இடுக்கியால் இழுத்து எடுக்க வேண்டியிருந்தது, எடுத்தது கசங்கின ரிப்பன்.

சிக்கினால் சுடலைமணி மட்டுமில்லை, அவருக்குப் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் போவார்கள். அதுகூட நடக்கலாம், நடக்காமலும் போகலாம். ஆனால் நிச்சயமாக நடக்கப்போவது ஒன்று உண்டு. முடிவுக் குறி விழுந்திருப்பது யார்மேல்? டேப்பில் யார் யார் எந்த வரிசையில் என்பது கம்ப்யூட்டரில் இருந்தது, பதிவுகளின் நீளத்தைக் கூட்டிப் பார்த்தாள். கோமதி, சங்கரன்கோவில், வயது முப்பத்தொன்று, மார்பு. பாதி ஏற்கெனவே போய்விட்டது. மீதிப் பாதியை இப்போது இவள் கையால் அழிக்க வேண்டும், வேண்டுமென்றே, தெரிந்தே. கடைசியாக எப்போது பரிசோதனைக்கு வந்தாள் என்ற தகவல் இல்லை. அந்தக் கோமதியும் நாளைக்கு ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தால்? யாரோ ஒருத்தியின் பாதி நெஞ்சை மிதித்துக்கொண்டுதான் இந்த மனிதரிடம் போக வேண்டுமா? தனசிங் யோசிக்காமல் அழித்தான். இவள் யோசித்து அழிக்கப்போகிறாள். எது மேல்? அவன்தான் மேலோ என்று ஒரு கணம் தோன்ற, அப்படித் தோன்றியதற்காகவே அவன்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது. பெயருக்குப் பக்கத்தில் போன் நம்பர் இருந்தது. விரல் தானாக அழுத்தியது.

நீண்ட நேரம் அடித்த பிறகு ஒரு ஆண் குரல். “ஆரு?” ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறோம், கோமதி இருக்காங்களா என்றாள். அந்தப் பக்கம் தறிச் சத்தம் கேட்டது, பிறகு யாரோ அதை நிறுத்தினார்கள். “கோமதி தவறிட்டாளே. ரெண்டு வருசமாச்சு.” அவள் திரையிலிருந்த நம்பரைப் படித்து, இதுதானா என்று கேட்டாள். “இது அவ நம்பருதான். நாந்தான் சார்ஜ் போட்டு வச்சிக்கிட்டிருக்கேன். யாராச்சும் கூப்பிடுவாகன்னு. என்ன விசயம்? எதுவும் ரிப்போர்ட்டு வந்திருக்கா?” ரெண்டு வருஷம் கழித்தும் அந்தக் குரலில் ஒரு சின்ன ஆசை இருந்தது, ரிப்போர்ட்டில் வேறு மாதிரி எழுதியிருக்குமோ என்கிற மாதிரி. “ஒண்ணுமில்லண்ணே. பதிவெல்லாம் சரிபார்க்கிறோம்.” “சரி. அவளுதையும் பாத்து வைங்க” என்றார் அவர். ஜெபக்கனி போனைக் கீழே வைத்தாள். வைக்கும்போதே உள்ளுக்குள் அப்பாடா என்று ஒன்று மூச்சு விட்டது. சத்தமாக, வெட்கமில்லாமல், அப்பாடா. ஒருத்தி செத்துப்போனதற்கு அப்பாடா. யார் அது? அவள்தான். வேறு யார் இருக்கிறார்கள் இந்த அறையில்? அவளுக்கு எழுந்துபோய்ச் சுவரில் ஓங்கி ஒன்று வைக்க வேண்டும்போல இருந்தது, அந்தச் சுவர் அப்படி என்ன பாவம் செய்தது. பாத்து வைங்க என்றாரே. இதோ பார்த்து வைக்கிறேன் அண்ணே.

அவள் நாடாவை முடிவுக் குறி வரை ஓட்டி நிறுத்தினாள். எழுது என்று கட்டளை கொடுத்துவிட்டு மேஜைக்கு அடியில் மண்டியிட்டாள். அங்கே ஒரு ஒட்டடை உலகம், ஒயர் ஒயராக, எப்போதோ விழுந்த ஒரு மாத்திரை அட்டை. டிரைவின் பிளக்கைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை வியர்த்து வழுக்கியது, சேலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்தாள். மேலே சத்தம் மாறியது, தேடுகிற சத்தம் வேறு, எழுதுகிற சத்தம் வேறு, எழுதும்போது அது ஒரே சீராக முனகும். முனகத் தொடங்கியது. இப்போது. இல்லை, இன்னும் கொஞ்சம், குறி அழிந்திருக்க வேண்டும். அழிகிறாள் கோமதி. இப்போதா? தொடரலாமா என்று எதுவும் அவளைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ராஜ்குமார், அப்பா, தனசிங், கூட்டத்தில் சிரித்த முகங்கள், எல்லாம் அந்த பிளக்கின் முனையில் வந்து நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினாள். தலை மேஜையின் அடியில் ணங்கென்று இடித்தது. அறையில் ஏசியின் சத்தம் மட்டும் மிஞ்சியது.

மறுபடி சொருகியபோது டிரைவ் ஒரு தடவை கனைத்தது. எல்லாவற்றையும் மறந்துவிட்டு, வழக்கம்போல முதலுக்குச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தது. சிக்கவில்லை. மேலே போ என்றாள். போனது. குறி இருந்த இடம் வந்ததும் படிக்க முடியவில்லை, படிக்க முடியவில்லை என்று திரை வரிசையாகப் புலம்ப ஆரம்பித்தது, டிரைவ் ஒரு சாண் பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய், மறுபடி பின்னால், பூட்டின கதவில் தவறான சாவியைப் போட்டுப் போட்டுப் பார்க்கிற மாதிரி. போ. போயேன். நீ என்ன, உனக்கென்ன கௌரவம், கிழிஞ்சிருக்குன்னு தெரியுதில்ல, தாண்டிப் போ சனியனே. வாய்விட்டே திட்டினாள். அவளுக்கு இவ்வளவு கெட்ட வார்த்தை தெரியும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. திடீரென்று முனகல் சீரானது. திரையில் ஒரு பெயர் வந்தது, அந்தோணியம்மாள், பணகுடி. பிறகு காதர் மைதீன். பிறகு ஒரு குழந்தையின் பெயர், வயது நான்கு, அதை அவள் வேகமாகத் தாண்டினாள். ஒவ்வொருவராக இருட்டிலிருந்து எழுந்து வந்து பெயர் சொல்லிவிட்டுப் போனார்கள். சுடலைமணி, ஆலங்குளம். அவள் அதை வேறு வட்டில் இறக்கி, இன்னொன்றிலும் இறக்கி, இரண்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தாள். வென்றுவிட்டாள். தனசிங்கைக் கூப்பிட்டு, கெடச்சிருச்சு, வேற ஏதும் உண்டா என்று கேட்க வேண்டும். நிர்வாகக் கூட்டத்தில் பென்சிலைத் தூக்கி மேஜைமேல் போட வேண்டும்.

பிறகு கணக்கைத் திறந்தாள். ஏழு வருஷத்துக்கு முந்தைய சுடலைமணியின் கழுத்து, வெட்டு வெட்டாக, அதைச் சுற்றிக் கதிரின் வண்ணக் கோடுகள், மலையைச் சுற்றிப் போகிற பாதை மாதிரி. தண்டுவடம் ஒரு சின்ன வட்டம். அந்த வட்டத்துக்குள் சிவப்பு, அதிகக் கதிர் விழுந்த இடத்தின் நிறம். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள், சிவப்புதான். அன்றைக்கே கட்டி தண்டுவடத்தை உரசிக்கொண்டு இருந்திருக்கிறது. அன்றைக்கு இந்த நாற்காலியில் இருந்தவர் யாரோ, விளிம்பு வரைக்கும் போயிருக்கிறார், விளிம்புக்குக் கொஞ்சம் மேலேயே. போகாவிட்டால் ஆள் அப்போதே இல்லை. கீழே குறிப்பும் எழுதியிருந்தார்: தெரிந்தே கொடுத்தது, இனி இந்த இடத்தில் கதிர் கூடாது. வருஷங்களுக்காக எவ்வளவு கழித்தாலும் மிச்சம் இல்லை, அவள் மூன்று விதமாகக் கழித்துப் பார்த்தாள். வழக்கமான அளவு என்று வைத்துக்கொண்டு நாளைக்கு ஆரம்பித்திருந்தால் ஆறு மாசத்தில் அந்த மனிதர் கழுத்துக்குக் கீழே எதையும் அசைக்க முடியாமல் கிடப்பார். அதிலிருந்து தப்பித்தார். எதற்காகத் தப்பித்தார்? கதிர் வைக்காவிட்டால் கட்டியே அந்தக் கையைக் கொண்டுபோகும். அவளுடைய கோபம் பழக்க தோஷத்தில் எழுந்து, ஆள் தேடியது. அன்றைக்குக் கணக்குப் போட்டவரா? அவர் செய்தது சரி, அவளும் அதைத்தான் செய்திருப்பாள். தனசிங்கா? அவன் தொலைக்காமல் இருந்தாலும் இதே சிவப்புதான். டாக்டரா, டேப்பா, கட்டியா? கோபம் அறை முழுக்கச் சுற்றி வந்து, நிற்க ஒரு இடமில்லாமல், கால் வலித்து அவள் மடியிலேயே உட்கார்ந்தது. அவ்வளவு கனம் அது என்று அவள் நினைத்ததில்லை.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். பெஞ்சிலிருந்து பேச்சித்தாய் எழுந்து அவள் முகத்தைப் பார்த்தாள். “கெடச்சிட்டாம்மா?” கெடச்சிருச்சுக்கா என்றாள் ஜெபக்கனி. அதற்கு மேல் சொல்ல விடவில்லை. பேச்சித்தாய் அவள் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், புருஷன் பக்கம் திரும்பி, “பாத்தியளா, நான் சொன்னம்லா, இந்தப் பிள்ள எடுத்துரும்னு சொன்னம்லா” என்று அவர் தோளில் அடித்தாள். சுடலைமணி எழுந்து நின்று, மரத்துப்போன கையை நல்ல கையால் தூக்கிச் சேர்த்துவைத்துக் கும்பிட்டார். பேச்சித்தாய் அதற்குள் இடுப்பிலிருந்து போனை எடுத்துவிட்டாள். “ஏட்டி, கேக்குதா? ஒங்கப்பாவோட பழைய கணக்கு கெடச்சிட்டுட்டீ! ஆமா, இப்பந்தான், எல்லாம் அப்படியே இருக்காம். இனும என்ன, நாளைக்கே ஆரம்பிச்சிருவாக. அழாதட்டி, எதுக்கு அழுத, கிறுக்கி.” வராந்தாவில் உட்கார்ந்திருந்த மற்ற நோயாளிகளெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், யாருக்கோ நல்லது நடந்திருக்கிறது என்று சிலர் சிரித்தார்கள். நாலு மணிக்கு டாக்டர் வருவார், சொல்வது அவர் வேலை, அவரே சொல்லட்டும் என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஜெபக்கனி அந்த போன் பேச்சு முடிகிறவரை அங்கேயே நின்றாள். பிறகு பெஞ்சில் அவர்கள் இருவருக்கும் நடுவில் கிடந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா,” என்றாள், “போனை உள்ள வச்சிட்டு இப்படி உக்காருங்க. அண்ணே, நீங்களும்.”